கைமாறி வந்த ரவுட்டருக்கு ஒரு ரீசெட் போதாது

கேள்வி: வீட்டு வைஃபைக்காக ஒருவர் பயன்படுத்திய ரவுட்டரை வாங்கினேன். மின்சாரம் கொடுத்ததும் பழைய உரிமையாளர் வைத்த வைஃபை பெயரே போனில் வருகிறது. 'டபிள்யூபிஎஸ்/ரீசெட்' என்று எழுதியிருந்த பட்டனை 2, 3 விநாடி அழுத்திப் பார்த்தேன். ஒரு விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டியது, பெயர் மாறவில்லை. செட்டிங் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்டும் தெரியாது. ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை ஓட்டும் மென்பொருளை, புதுப்பிக்கச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவரோ, ஓடுகிற பெட்டியை நோண்டினால் செத்துவிடும் என்கிறார். நிறுவனத்தின் தளத்தில் என் மாடல் பெயரில் 4 ஃபைல்கள் இருந்தன. தேதி புதிதாக இருந்த ஒன்றை டவுன்லோட் செய்துவிட்டேன். பெட்டியின் அடியில் 'வெர் 2.0' என்றும் ஃபைலின் பெயரில் 'வி5' என்றும் இருக்கிறது. போடலாமா? பழைய உரிமையாளரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதல் வேலையாக அந்த 'வி5' ஃபைலை அழித்துவிடுங்கள். போடுவதற்கு முன் நிறுத்திக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். உங்கள் பெட்டிக்குரிய ஃபைல் அதே தளத்தில், அதே மாடலின் பக்கத்தில், 'வி2' என்ற பிரிவில் இருக்கும். தேதி பழையதாகத் தெரிந்தாலும் உங்களுக்கு உரியது அதுதான்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். ஆரம்ப நாட்களில் ஒரு வாடிக்கையாளரின் ரவுட்டர் சுவரில் திருகி மாட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்றி அடியில் இருந்த லேபிளைப் பார்க்காமல், முகப்பில் இருந்த மாடல் பெயரை மட்டும் வைத்து ஃபைலை எடுத்துப் போட்டேன். பெட்டி மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொண்டது. திரையில் கோடு 100 சதவீதம் வரை நகர்ந்தது. அதன்பிறகு பவர் விளக்கு மட்டும்தான் எரிந்தது. அவருக்கு வேறு பெட்டி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது வரும் ரவுட்டர்கள் பெரும்பாலும் பொருந்தாத ஃபைலை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பிவிடும். பழைய பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்தக் காவல் கிடையாது. உங்களுடையதில் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மாடல் பெயர் ஒன்றாக இருக்கும்போது வெர்ஷன் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரைப் பார்த்திருப்பீர்கள். 2002 கடைசியில் வெளியாகி உலகம் முழுக்கப் பரவிய பெட்டி அது. அதன் 4ஆம் வெர்ஷன் வரை உள்ளே லினக்ஸ் ஓடியது. 4ஆம் வெர்ஷனில் 16 எம்பி ரேம், 4 எம்பி ஃபிளாஷ் மெமரி. 5ஆம் வெர்ஷனில் ரேம் 8 எம்பியாகவும் ஃபிளாஷ் 2 எம்பியாகவும் பாதியாகக் குறைந்தன. இயங்குதளமே லினக்ஸிலிருந்து விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொன்றுக்கு மாறியது. வெளியே அதே நீலம், அதே இரண்டு ஆன்டெனா, அதே பெயர். 4ஆம் வெர்ஷனின் ஃபர்ம்வேர் 5ஆம் வெர்ஷனில் நுழையக்கூட இடம் இல்லை. இன்றைக்கும் பல நிறுவனங்கள் இப்படித்தான் செய்கின்றன. சிப்பை மாற்றுவார்கள், மெமரியை மாற்றுவார்கள், விற்பனைப் பெயரை மாற்ற மாட்டார்கள். பெட்டியின் வெளியே அந்த மாற்றம் எழுதப்படும் இடம் அடியில் இருக்கும் லேபிள். ரவுட்டர் வாங்கிய உடனே அந்த லேபிளை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். மாடல், வெர்ஷன், வரிசை எண், ஆரம்ப பாஸ்வேர்ட், அடாப்டர் அளவு எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்துவிடும். லேபிளில் நாட்டுக் குறியீடு ஏதும் இருந்தால் அதற்குரிய ஃபைலையே எடுங்கள். எந்தச் சேனலில், எவ்வளவு வலுவில் ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், ஃபைலும் அதற்கேற்ப வேறுபடும்.

சரி, பட்டனுக்கு வருவோம். நீங்கள் அழுத்தியது இரண்டு வேலை செய்யும் பட்டன். கொஞ்ச நேரம் அழுத்தினால் டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் புதிய கருவியைச் சேர்த்துக்கொள்ளும் வசதி, சுமார் 2 நிமிடத்துக்குத் திறக்கும். நீங்கள் பார்த்த சிமிட்டல் அதுதான். ரீசெட் ஆக வேண்டுமானால் ரவுட்டர் முழுதாக ஆன் ஆகி, விளக்குகள் நிலைத்த பிறகு, அதே பட்டனை 10 முதல் 15 விநாடி விடாமல் அழுத்துங்கள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து மறுபடி எரியும். அதைப் பார்த்த பிறகே விரலை எடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பழைய பெயர் மறைந்து, லேபிளில் அச்சிட்ட பெயர் போனில் வரும். வேறு சில பெட்டிகளில் ரீசெட் பட்டன் சின்னத் துளைக்குள் இருக்கும். அதற்கு ஒரு பேப்பர் கிளிப்பின் முனை போதும்.

இங்கேதான் பலர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தக் கடிதத்தில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ரவுட்டருக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் மூன்று பகுதிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெட்டியை எழுப்பிவிடும் பூட்லோடர். இரண்டாவது ஃபர்ம்வேர், பெட்டியை ஓட்டும் மென்பொருள். மூன்றாவது செட்டிங்குகள், அதாவது வைஃபை பெயர், பாஸ்வேர்டுகள், டிஎன்எஸ் முகவரி (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), வெளியிலிருந்து உள்ளே வரத் திறந்து வைத்த கதவுகள். ரீசெட் செய்தால் மூன்றாவது பகுதி மட்டும் துடைக்கப்படும், ஃபர்ம்வேர் இருந்தபடியே இருக்கும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் இரண்டாவது பகுதி மட்டும் மாறும், செட்டிங்குகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. 2025 மே மாதத்தில் ஏசஸ் ரவுட்டர்கள் ஆயிரக்கணக்கில் ஊடுருவப்பட்டிருந்தது வெளியே வந்தது. உள்ளே நுழைந்தவர்கள் தங்கள் சொந்தச் சாவியைப் போட்டு, வெளியிலிருந்து உள்ளே வரும் எஸ்எஸ்ஹெச் வழியைச் செட்டிங்கிலேயே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிறுவனம் ஓட்டையை அடைத்துப் புதிய ஃபர்ம்வேர் கொடுத்தது. அதைப் போட்ட பிறகும் அந்த வழி திறந்தே இருந்தது, ஏனென்றால் அது ஃபர்ம்வேரில் இல்லை, செட்டிங்கில் இருந்தது. ரீசெட் செய்து எல்லாவற்றையும் கையால் புதிதாக அமைத்தவர்களுக்குத்தான் அது போனது. அதற்கு முன்னால், 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளைப் பிடித்திருந்தது. அதன் முதல் கட்டம் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் போகாது. ஒருவர் கையிலிருந்து வந்த பெட்டியில் இப்படி எதுவும் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழி இல்லை. விற்றவர் நல்ல மனிதராக இருப்பார், அவருக்கே தெரிந்திருக்காது.

ஆகவே வரிசை இது: ரீசெட், ஃபர்ம்வேர், மறுபடியும் ரீசெட். முதல் ரீசெட் உள்ளே போவதற்கு. ஃபர்ம்வேர் பழைய ஓட்டைகளை அடைப்பதற்கு. இரண்டாவது ரீசெட், புதிய ஃபர்ம்வேர் தன் சொந்த ஆரம்ப அளவுகளிலிருந்து தொடங்குவதற்கு. இன்னொன்று, இந்த மூன்றும் முடியும் வரை இன்டர்நெட் கேபிளை ரவுட்டரில் செருகாதீர்கள். தேவையான ஃபைலை இப்போது இருக்கும் இணைப்பிலோ போன் டேட்டாவிலோ முன்பே லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓட்டைகளோடு இருக்கும் பெட்டியை வெளியுலகத்துக்குக் காட்டிவிட்டு அப்புறம் சரி செய்வதற்கு எந்த அவசியமும் இல்லை.

ஃபர்ம்வேருக்குப் போகும் முன் அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைமாறி வரும் ரவுட்டர்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். பெட்டி ஒன்று, அடாப்டர் வேறு எதற்கோ உரியது. முனை பொருந்துகிறதே என்று செருகிக் கொடுத்திருப்பார்கள். ரவுட்டர் லேபிளில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் அடாப்டரிலும் 12 வோல்ட்தான் இருக்க வேண்டும், ஒரு வோல்ட்கூட மாறக்கூடாது. ஆம்பியர் 1 அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறைவாக இருக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் நடுவில் புள்ளியும், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகளும் வரையப்பட்டிருக்கும். முனையின் உட்பக்கம் எந்தத் துருவம் என்பதைக் காட்டும் படம் அது. இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஆம்பியர் குறைந்த அடாப்டரில் ரவுட்டர் சும்மா இருக்கும்போது ஓடும். வைஃபையில் நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்த்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதல் ரீசெட்டுக்குப் பிறகு பெட்டியைச் சில மணி நேரம் ஓடவிடுங்கள். செட்டிங் பக்கத்தில் 'அப்டைம்' என்று எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதைக் காட்டும் ஒரு வரி இருக்கும். இடையில் அது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருந்தால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள்.

செட்டிங் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்ட் தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு லேன் கேபிளை லேப்டாப்பிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும், இன்டர்நெட் கேபிளுக்கு உரிய 'வான்' போர்ட்டில் வேண்டாம். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள். இரண்டும் வரவில்லை என்றால் லேப்டாப்பின் நெட்வொர்க் விவரங்களில் 'டிஃபால்ட் கேட்வே' என்று இருக்கும் எண்தான் ரவுட்டரின் முகவரி. 'பாதுகாப்பற்ற பக்கம்' என்று பிரவுசர் எச்சரிக்கும். நேரடிக் கேபிளில், சொந்த ரவுட்டரின் பக்கத்துக்குப் போகும்போது மட்டும் அதைத் தாண்டிப் போகலாம். ஆரம்பப் பெயரும் பாஸ்வேர்டும் லேபிளில் இருக்கும், அல்லது முதல்முறை நுழையும்போதே புதிதாக வைக்கச் சொல்லும்.

உள்ளே போனதும் முகப்புப் பக்கத்தில் ஃபர்ம்வேர் வெர்ஷனும் ஹார்ட்வேர் வெர்ஷனும் எழுதியிருக்கும். லேபிளில் இருக்கும் 2.0 இங்கேயும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே போகலாம். எப்போதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை மாற்றிய பெட்டியும் கையில் கிடைக்கும்.

பிறகு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் ஃபைலை எடுங்கள். தேடலில் முதலில் வரும் வேறு தளங்கள் வேண்டாம். ஃபைலோடு வரும் குறிப்பைப் படியுங்கள். சில ஃபர்ம்வேர்கள் ஒரு இடைப்பட்ட வெர்ஷனைப் போட்ட பிறகே போட வேண்டியவை, அதை அந்தக் குறிப்பில்தான் சொல்லியிருப்பார்கள். தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 என்று ஒரு நீண்ட எழுத்து வரிசை கொடுத்திருந்தால், டவுன்லோட் ஆன ஃபைலுக்கும் அதைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வரும் கருவியே அதற்குப் போதும். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் பாதியில் கெட்டிருக்கிறது என்று பொருள், திரும்ப இறக்குங்கள். இறங்கியது ஜிப் ஃபைலாக இருந்தால் அதை விரித்து, உள்ளே இருக்கும், '.bin' என்று முடியும் ஃபைலைத்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. ஃபர்ம்வேர் எழுதும்போது பல பெட்டிகள் முதலில் பழையதை அழிக்கும், அதே இடத்தில் புதியதை எழுதும். அழித்து முடித்து, எழுதி முடிக்காத அந்த இடைவேளையில் மின்சாரம் போனால் பெட்டிக்கு எழுந்திருக்க எதுவும் இருக்காது. மின்சாரம் நிச்சயமாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தால் ரவுட்டரை அதில் செருகுங்கள். லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கட்டும். வைஃபை வழியாக ஒருபோதும் செய்யாதீர்கள், கேபிள் மட்டும்தான். பட்டனை அழுத்திய பிறகு வழக்கமாக 2 முதல் 5 நிமிடம் ஆகும். கோடு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். பக்கம் வெள்ளையாகிவிடும். விளக்குகள் விதவிதமாக எரியும். பொறுமை இழந்து அடாப்டரைப் பிடுங்குவதுதான் ரவுட்டர்களைக் கொல்லும் பெரிய காரணம் என்பது என் அனுபவம். எழுதும் வேலை பெட்டிக்குள் நடக்கிறது, பிரவுசர் பக்கம் உறைந்துபோனாலும் அது நிற்காது. 10 நிமிடம் வரை எதையும் தொடாதீர்கள்.

மீறி ஏதாவது ஆகிவிட்டாலும் பெரும்பாலும் கதை முடிந்துவிடாது. சாதாரண அப்டேட் பெரும்பாலும் பூட்லோடரைத் தொடுவதில்லை. அது உயிரோடு இருந்தால், ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுக்கும்போது பல ரவுட்டர்கள் மீட்பு நிலைக்குப் போகும். சிலவற்றில் ஃபைலைக் கொடுக்க ஒரு எளிய பக்கம் திறக்கும். வேறு சிலவற்றில் டிஎஃப்டிபி என்ற, கேபிள் வழியாக ஃபைல் அனுப்பும் எளிய முறையில், லேப்டாப்புக்கு ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரி வைத்து, ஃபைலுக்கு அவர்கள் சொல்லும் பெயரையே கொடுத்து அனுப்ப வேண்டும். உங்கள் மாடலுக்கு இதில் எது என்பதை, தொடங்குவதற்கு முன்பே படித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் இறந்த பிறகு இன்டர்நெட் இல்லாமல் அதைத் தேடுவது கஷ்டம்.

ஃபர்ம்வேர் ஏறியதும், நான் சொன்ன இரண்டாவது ரீசெட். இதற்கு முன் எடுத்த பேக்கப் எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். ஏற்றினால் துடைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும்.

இனி அமைப்பது. ரவுட்டரின் நிர்வாக பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தபோது அது புத்திசாலித்தனமாக எதையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் வைத்த 60க்கும் மேற்பட்ட ஆரம்பப் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். வைஃபையின் பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதை வையுங்கள். பழைய போன்கள் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். டபிள்யூஇபி, டிகேஐபி என்று பட்டியலில் வரும் பழைய, பலவீனமான முறைகளைத் தொடவே வேண்டாம்.

டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். நீங்கள் தெரியாமல் திறந்த அந்த வசதிக்கு 8 இலக்கப் பின் எண் ஒன்றும் உண்டு. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள், பாதுகாப்பானதுதானே என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி 7 இலக்கத்தையும் ரவுட்டர் ஒன்றாகச் சோதிக்காது. முதல் 4 சரியா தவறா என்று தனியாகப் பதில் சொல்லும், அடுத்த 3ஐத் தனியாகச் சொல்லும். ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சியில் எண் கிடைத்துவிடும். 2011 டிசம்பரில் இந்தக் குறை வெளியானது. அதற்கு முன் வந்த ரவுட்டர்களில் தவறான முயற்சிகளைத் தடுக்கும் வழி பெரும்பாலும் இல்லை. நல்ல பாஸ்வேர்டை யோசித்து வைத்துவிட்டு இதைத் திறந்து விடுவது, வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான்.

வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று இருக்கும், அதையும் அணையுங்கள். வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிகளுக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் காலியாக இருக்கிறதா, உள்ளே நுழைய வழி தரும் எஸ்எஸ்ஹெச், டெல்நெட், விபிஎன் எதுவும் நீங்கள் வைக்காமல் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். டிஎன்எஸ் முகவரியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நீங்கள் அடிக்கும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அதைக் கைப்பற்றியவர் உங்கள் வங்கித் தளத்தின் பெயரை அடித்தாலும் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் பல ஆண்டுகள் செய்தது இதைத்தான். அதை நடத்திய கும்பல் 2011இல்தான் பிடிபட்டது. அந்த இடத்தில் 'தானியங்கி' என்று இருக்கலாம், அல்லது 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 போல நீங்களே அறிந்து வைத்த எண் இருக்கலாம். அறியாத எண் ஏதும் இருந்தால் நீக்குங்கள்.

இப்போது இன்டர்நெட் கேபிளை வான் போர்ட்டில் செருகலாம். செட்டிங்கில் இணைப்பு வகையைக் கேட்கும். இணைப்பு நிறுவனம் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால் பிபிபிஓஇ, எதுவும் கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் டைனமிக் ஐபி. எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால், பழைய ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி எண்ணை, அவர்கள் பதிந்து வைத்திருக்கலாம். போன் செய்து புதியதைப் பதியச் சொல்லுங்கள். அவர்கள் கொடுத்த பெட்டியே ஏற்கெனவே ரவுட்டராக வேலை செய்கிறது என்றால் உங்களுடையதை, வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததை வைத்தால் போதும்.

உங்கள் 'வி2' பிரிவைத் திறந்ததும் கடைசி ஃபைலின் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். கடைசியாக வந்தது பல ஆண்டுகளுக்கு முன்பு, தளத்திலும் ஆதரவு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது என்றால் நிலைமை வேறு. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிக் கைவிடப்பட்ட ரவுட்டர்களைப் பற்றியே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. லிங்க்சிஸின் பழைய இ வரிசை மாடல்கள் பல அதில் பெயரோடு இருந்தன. உள்ளே நுழைந்தவர்கள் அந்த வீடுகளின் இணைப்பைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். குற்றம் செய்தவர் எங்கோ இருக்க, சுவடு அந்த வீட்டின் முகவரியைக் காட்டும். அப்படிப்பட்ட பெட்டியை வீட்டின் முன்வாசலில், நேரடியாக இன்டர்நெட்டைப் பார்க்கும்படி வைக்க வேண்டாம். இன்னொரு நல்ல ரவுட்டருக்குப் பின்னால் ஆக்சஸ் பாயின்டாக வைத்தால் ஆபத்து குறையும், அடியோடு போய்விடாது.

இன்னொரு வழி ஓப்பன் டபிள்யூஆர்டி. நான் மேலே சொன்ன அதே லிங்க்சிஸ் பெட்டியின் லினக்ஸ் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004இல் பிறந்த திட்டம் இது. நிறுவனங்கள் கைவிட்ட பெட்டிகளுக்கும் தன்னார்வலர்கள் இன்றுவரை புதிய ஃபர்ம்வேர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மேஜைக்கு வரும் பழைய ரவுட்டர்களில் எத்தனையோ இதனால் மறுபடி வேலைக்குப் போயிருக்கின்றன, அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பெட்டிக்குக் குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வேண்டும். 16 எம்பி, 128 எம்பி என்றால் நிம்மதி. பிராட்காம் சிப் வைஃபைக்கு ஆதரவு குறைவு. அவர்கள் தளத்தின் கருவிப் பட்டியலில் உங்கள் மாடலும், முக்கியமாக வெர்ஷன் 2ம், இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து மாறும்போது பெரும்பாலும் 'ஃபேக்டரி' ஃபைல், பிறகு வருகிற அப்டேட்டுகளுக்கு 'சிஸ்அப்கிரேட்' ஃபைல். நிறுவனமே இன்னும் ஃபர்ம்வேர் கொடுத்துக்கொண்டிருந்தால் முதல்முறை அதோடு நின்றுகொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய உரிமையாளர். அவரிடம் இரண்டு விஷயம் பேச வேண்டும். ரவுட்டரை போன் ஆப்பில் தன் கணக்கோடு இணைத்திருந்தாரா என்று கேளுங்கள். இணைத்திருந்தால் அவரே அந்தக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். ஆப் வழியாக மட்டும் அமைக்கும் மெஷ் வகைப் பெட்டிகள் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தருபவை) சில, பழைய கணக்கு விடுவிக்காமல் புதியவரிடம் வேலையே செய்யாது. இரண்டாவது அவருடைய நன்மைக்காக. அவர் வைத்த பெயரே உங்கள் போனில் வந்தது என்றால் அவருடைய வைஃபை பாஸ்வேர்டும், இன்டர்நெட் கணக்கின் பாஸ்வேர்டும் அந்தப் பெட்டிக்குள் அப்படியே உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. 2023இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பழைய சந்தையில் அலுவலக ரவுட்டர்களை வாங்கிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனங்களின் விவரங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. உங்களுக்கு விற்றவர் புது ரவுட்டரிலும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்திருக்கக்கூடும். வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளும் தானாக இணையட்டும் என்று பலரும் அப்படித்தான் செய்வார்கள். பெட்டியை ரீசெட் செய்துவிட்டேன், உள்ளே எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள் என்று இன்றைக்கே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.